மன்னார்க் கடல் வடமும் நிலைமின் ஒலியும்

தலைமன்னாரின் மேற்கு முனையிலிருந்து தனுஷ்கோடியின் மணல்முனை வரை உள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இடையிலே கிடப்பது ஆழங்குறைந்த கடல். மணற்றிட்டுகளும் பார்களும் நிறைந்த இவ்விடைவெளியை ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் இரு கரை மக்களும் வழங்கி வந்துள்ளனர். தோணிகள் இதனைப் பல நூற்றாண்டுகளாகக் கடந்தன. ஆயினும் செய்தி ஒன்று கரை கடக்க வேண்டுமாயின், அதனைச் சுமந்து ஆள் ஒருவரும் கடல் கடந்தே ஆகவேண்டும் என்ற நிலை 1858 வரை மாறவில்லை. அவ்வாண்டில் மன்னார்த் தீவுக்கும் இந்தியக் கரைக்கும் இடையே கடலடித் தந்திவடம் ஒன்று இடப்பட்டது. அக்காலத்துக் கடலடி வடங்கள் பொறியியலாளருக்குக் கற்பித்த பாடம் தந்தியோடு முடிந்துவிடவில்லை. இன்று நிலைமின் ஹெட்போன் எனும் நுண்ணிய காதொலிக் கருவியை வாங்கி, அதற்கு எந்தப் பெருக்கி பொருந்தும், பழைய பெருக்கியை எப்போது மாற்றுவது என்று எண்ணும் இசை நேயருக்கும் அப்பாடமே வழிகாட்டியாகிறது.

தந்தி வருமுன் இலங்கையில் செய்தி எவ்வாறு சென்றது என்பதை முதலில் நோக்குதல் தகும். ஐரோப்பாவிலிருந்து தபாலுடன் வந்த நீராவிக் கப்பல்கள் அந்நாளில் காலித் துறைமுகத்தையே நாடின. கொழும்புத் துறைமுகம் பெருங்கப்பல்களுக்கு ஏற்றதாக இன்னும் அமைக்கப்படவில்லை. காலியில் வந்திறங்கிய செய்திகளைக் கொழும்புக்குக் கொண்டுவர 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை 1850 முதல் புறாக்களைப் பயன்படுத்தியது. தந்தி வந்ததும் புறாக்களின் பணி முடிந்தது. 1858-இல் கொழும்பும் காலியும் தந்திக் கம்பியால் இணைக்கப்பட்டன. காலியில் இறங்கிய செய்தியை இந்தியப் பெருநிலத்துக்கும் விரைந்து அனுப்பவேண்டும் என்ற தேவையே கம்பியை வடக்கே மன்னாருக்கும், அங்கிருந்து கடலுக்கடியிலும் இழுத்துச் சென்றது.

நிலத்தின்மேல் செல்லும் கம்பிக்குக் காற்றே காப்பு. கடலடியில் செல்லும் கம்பிக்கு அது போதாது. உவர்நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதாதலின் செப்புக் கம்பியை முழுதும் மூடும் உறை வேண்டியிருந்தது. மலாயக் காடுகளின் மரப்பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சா என்னும் பொருள் அதற்குக் கைகொடுத்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மொன்ட்கொமரி அதனை 1840-களில் மேல்நாட்டாருக்கு அறிமுகம் செய்திருந்தார். நீரில் கெடாத அவ்வுறையைச் செப்புக் கம்பிக்கு இட்டு, அதற்கும் மேலே இரும்புக் கம்பிகளைக் கவசமாகச் சுற்றுவதே அக்கால வடத்தின் பொது அமைப்பு.

இவ்வமைப்பிலேதான் ஒரு புதிர் ஒளிந்திருந்தது. நடுவிலே செப்பு, அதனைச் சூழ்ந்து மின்சாரம் புகாத உறை, அதற்கு வெளியே இரும்பும் கடல்நீரும். இரண்டு மின்கடத்திகளுக்கு இடையே ஒரு காப்புப் பொருள் அமைந்தால் அங்கே மின்னூட்டம் சேர்ந்து நிற்கும். 1740-களில் கண்டறியப்பட்ட லெய்டன் சாடி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கண்ணாடிச் சாடியின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் உலோகத் தகடு ஒட்டி, அதிலே மின்சாரத்தைச் சேமித்து வைத்தனர். கண்டென்சர் எனப்படும் மின்தேக்கியின் மூதாதை அதுவே. கடலடி வடமும் நீண்ட ஒரு லெய்டன் சாடிதான் என்பதை மைக்கேல் பரடே 1854-இல் இலண்டனில் எடுத்துக் காட்டினார். தந்திக்காரர் அனுப்பும் மின்துடிப்பு மறுமுனையை அடையுமுன் வடமெனும் சாடியை நிரப்ப வேண்டும். அடுத்த துடிப்புக்கு முன் சாடி வடியவும் வேண்டும். நிரம்புவதற்கும் வடிவதற்கும் காலம் போதாவிடின் ஒரு குறி மற்றொன்றோடு கலந்து பொருளிழக்கும்.

பின்னர் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன் இதற்குக் கணக்கு வகுத்தார். வடத்தின் நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும்; நீளம் பத்து மடங்கானால் தாமதம் நூறு மடங்காகும். மன்னார் வடம் இடப்பட்ட அதே 1858-ஆம் ஆண்டில் அத்திலாந்திக் கடலடியிலும் ஒரு வடம் இடப்பட்டது. அதன் நீளம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல். ஆதலின் தாமதமோ பத்தாயிரம் மடங்குக்கு மேல். விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்து முழுதும் சென்று சேர 16 மணி நேரம் பிடித்தது.

அங்கேதான் இரு கருத்துகள் மோதின. வடத்தின் மின்பொறுப்பாளராயிருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் வலிமையை நம்பினார். பெரிய தூண்டுசுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தை வடத்தில் செலுத்தினார். தொம்சனோ நுண்மையை நம்பினார். சிறு காந்தமொன்றில் கண்ணாடித் துண்டை ஒட்டி, அதிலிருந்து தெறிக்கும் ஒளிப்புள்ளியின் அசைவால் மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காணும் கருவியை அமைத்தார். வடத்தின் செய்முறையிலும் பாதுகாப்பிலும் முன்பே குறைகள் இருந்தன. உயர்ந்த அழுத்தம் அக்குறைகளைப் பெரிதாக்கியது. சில வாரங்களுக்குள் வடம் ஊமையாயிற்று. பெரும்பொருள் செலவிட்டு இட்ட வடம் கடலடியில் வீணே கிடந்தது. 1866-இல் புதிய வடம் வெற்றிபெற்றபோது, இலாற்றிமர் கிளார்க் என்ற பொறியியலாளர் தையல்வேலைக்கு விரலில் அணியும் வெள்ளி விரலுறை ஒன்றில் சிறிது அமிலமும் துத்தநாகத் துண்டும் இட்டு, அச்சிறு மின்கலத்தின் ஆற்றலாலேயே கடல் கடந்து குறிகளைச் சென்று வரச் செய்தார். பொருத்தமறிந்து செலுத்திய ஒரு விரலுறை மின்சாரம், பொருத்தமின்றிச் செலுத்திய 2,000 வோல்ட்டினால் ஆகாததைச் செய்து முடித்தது.

மன்னார் வடம் குறுகியதாதலின் இத்தொல்லை அங்கே பெரிதாகத் தோன்றவில்லை. அத்தகைய ஆழங்குறைந்த கடலில் வடத்துக்குப் பகை நகரும் மணலும் உராயும் பாறையும் பருவக்காற்றின் அலையுமேயாம். ஆயினும் இயற்கை விதி இரண்டுக்கும் ஒன்றே. மின்தேக்கி ஒன்றை இயக்குவோர் எவராயினும், எவ்வளவு அழுத்தம் வேண்டும், எவ்வளவு விரைவாக அது நிரம்பி வடிய வேண்டும், அதன் காப்பு எவ்வளவு தாங்கும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே முன்செல்லல் வேண்டும்.

கடலடித் தந்தியை ஆராய்ந்தவர்களுள் குரொம்வெல் வார்லி என்பவரும் ஒருவர். அவர் வடத்தின் முனையில் மின்தேக்கிகளைச் சேர்த்துக் குறிகளைத் தெளிவாக்கும் முறையைக் கண்டவர். மின்தேக்கியின் தகடுகள் மாறும் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தம்முள் இழுபட்டு அதிர்ந்து ஒலியெழுப்பும் என்பதைப் பயன்படுத்தி, 1870-இல் 'பாடும் மின்தேக்கி'க்கு அவர் உரிமம் பெற்றார். தகடுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதற்குக் காந்தம் வேண்டியதில்லை, மின்னூட்டமே போதும். நிலைமின் ஒலியின் தொடக்கம் இதுவாகும். தந்தியைத் தாமதப்படுத்தித் தொல்லை தந்த மின்தேக்கி இவ்விடத்தில் பாடகனாக மாறியது.

அமெரிக்கப் பேராசிரியர் ஏமொஸ் டொல்பியர் இதனை மேலும் வளர்த்து, 1880-களின் தொடக்கத்தில் நிலைமின் முறையில் இயங்கும் தொலைபேசிச் செவிக்கருவியைச் செய்தார். இரு மெல்லிய உலோகத் தகடுகள், இடையிலே சிறிது காற்று. அவ்வளவே அதன் அமைப்பு. தொலைபேசி உரிமை வழக்கில் 1888-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல்லின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கின் முடிவு எவ்வாறாயினும், டொல்பியரின் கருவி பரவாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது. அது நன்றாக ஒலிக்க நூற்றுக்கணக்கான வோல்ட் மாறுமின்னழுத்தம் வேண்டும். குரலின் மெல்லிய மின்னலையை அந்த அளவுக்கு உயர்த்தவல்ல கருவி அக்காலத்து உலகில் இல்லை. செவிக்கருவி பிறந்துவிட்டது, அதற்குரிய பெருக்கி பிறக்கவில்லை.

அப்பெருக்கி வால்வின் வடிவில் வந்தது. 1906-இல் லீ டி பாரஸ்ட் அமைத்த மும்முனை வால்வு, சில ஆண்டுகளில் திருத்தம் பெற்று, மெல்லிய மின்னலையின் உருவம் மாறாமலே அதனைப் பன்மடங்காக்கும் ஆற்றல் பெற்றது. 1915-இல் நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை மனிதக் குரல் சென்றது அதன் துணையினாலேயே. வானொலி பிறந்ததும் அதனாலேயே. இலங்கையிலும் வானொலி தந்தித் துறையின் மடியிலேதான் பிறந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளரான எட்வேர்ட் ஹாப்பர் 1923-இல் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்கள் அதற்குப் பயன்பட்டன. 1925 டிசம்பர் 16-இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது.

அக்காலத்து வானொலி நேயர் பலர் படிக வாங்கிகளில் காதொலிக் கருவி பூட்டியே கேட்டனர். அக்கருவிகள் நிலைமின் வகையின அல்ல. காந்தமும் சுருளும் இரும்புத் தகடும் கொண்டவை. வாங்கி தரும் சிற்றளவு ஆற்றலிலேயே அவை பேசின. அதனால் உலகெங்கும் காந்த வகைக் கருவிகளே பரவின. இன்றும் கடைகளில் கிடைக்கும் காதொலிக் கருவிகளுள் மிகப் பெரும்பாலானவை காந்த வகையினவே. அவற்றைக் கைபேசியிலே நேரே செருகிக் கேட்கலாம். நிலைமின் கருவியை அவ்வாறு செருக இயலாது. அதற்கெனத் தனிப் பெருக்கி வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே நிலைமின் ஒலி மீண்டும் தலையெடுத்தது. உறுதியும் மென்மையும் ஒருங்கே கொண்ட பொலியெஸ்டர் படலம் அப்போது கைக்கு வந்தது. 1957-இல் இங்கிலாந்தில் பீட்டர் வோக்கர் குவாட் நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1960-இல் யப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் எஸ்.ஆர்.-1 என்னும் நிலைமின் காதொலிக் கருவியை வெளியிட்டது. 1968-இல் அமெரிக்காவின் கொஸ் நிறுவனமும் தன் கருவியைக் கொணர்ந்தது. வார்லியின் பாடும் மின்தேக்கி ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு காத்திருந்து செவியை அடைந்தது.

இக்கருவியின் அமைப்பு எளியது. துளைகளிட்ட இரண்டு தகடுகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அவற்றின் நடுவே ஒன்று அல்லது இரண்டு மைக்கிரோன் பருமனுள்ள படலம் இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. மனிதரின் தலைமயிர் அதனைவிடப் பல பத்து மடங்கு தடிப்பானது. படலத்துக்கு நிலையான உயரழுத்த மின்னூட்டம் அளிக்கப்படுகிறது. ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் பழைய கருவிகளில் அது 230 வோல்ட். பின்வந்த 'புரோ' வகையில் 580 வோல்ட். இசையின் மின்னலை இரு தகடுகளுக்கும் எதிரெதிராகச் செல்கிறது. ஒரு தகடு இழுக்கும்போது மற்றது தள்ளும். காந்தக் கருவியில் சுருள் ஓரிடத்தில் தள்ளப் படலத்தின் பிற பகுதிகள் பின்தொடர்கின்றன. நிலைமின் கருவியிலோ படலத்தின் பரப்பு முழுவதும் ஒருங்கே தள்ளப்படுகிறது. வீணையின் நரம்பு மீட்டப்படும் முதற்கணமும், மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் பட்டு நீங்கும் ஒலியும் மங்காமல் கேட்பதற்கு இதுவே காரணம்.

மின்னியல் நோக்கில் இக்கருவி ஒரு மின்தேக்கி. இன்றைய ஸ்டாக்ஸ் கருவி ஒன்றின் கொள்ளளவு அதன் கம்பியையும் சேர்த்து 110 பைக்கோபாரட் அளவினது. அக்காலக் கடலடி வடங்களின் பொதுக் கணக்கைக்கொண்டு பார்த்தால், 30 கிலோமீற்றர் வடத்தின் கொள்ளளவு இதைப்போல் ஏறத்தாழ ஐம்பதாயிரம் மடங்கு. ஆனால் தந்திக்காரர் நொடிக்குச் சில துடிப்புகளையே அனுப்பினார். இசையோ நொடிக்கு 20,000 அதிர்வு வரை செல்வது. ஆதலின் சாடி மிகச் சிறியதாயினும் அதனை மிக விரைவாக நிரப்பி வடிக்க வேண்டியிருக்கிறது.

பெருக்கியைத் தேர்வோர் முதலிற் காணவேண்டியது மின்னழுத்தம். மேற்கூறிய வகைக் கருவிக்கு 100 வோல்ட் அளித்தால் 101 டெசிபெல் ஒலி எழும். அழுத்தம் இருமடங்காகும்தோறும் 6 டெசிபெல் கூடும். அதாவது 200 வோல்ட்டில் 107, 400 வோல்ட்டில் 113. வீட்டில் அமைதியாக இசை கேட்பவருக்கு 75 டெசிபெல் சராசரி போதுமாயின், அதற்கு வேண்டியது ஏறத்தாழ 5 வோல்ட்டே. இசையின் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் உயரலாம் எனக் கொண்டாலும் 50 வோல்ட் போதும். ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் சிறிய பெருக்கியே 280 வோல்ட் வரை தருகிறது. எனவே ஒலி போதாமைக்காகப் பெரிய பெருக்கி வாங்க வேண்டிய தேவை மிகச் சிலருக்கே உண்டு. 400 வோல்ட் தரும் பெருக்கி 280 வோல்ட் பெருக்கியைவிட மூன்று டெசிபெல் மட்டுமே மிகுதியாகத் தரவல்லது. காதுக்கு அது சிறு வேறுபாடே.

அடுத்து நோக்க வேண்டியது மின்னோட்டம். மின்தேக்கியின் தடை அதிர்வெண் உயர உயரக் குறையும். 110 பைக்கோபாரட் கருவி 100 அதிர்வில் ஒரு கோடியே நாற்பத்தைந்து இலட்சம் ஓம் அளவுக்குத் தடை காட்டும். 10,000 அதிர்வில் அது 1,45,000 ஓமாகவும், 20,000 அதிர்வில் அதில் பாதியாகவும் குறையும். 300 வோல்ட் அழுத்தத்தை 20,000 அதிர்வில் முழுதாக அளிக்க நான்கு மில்லியம்பியர் வேண்டும். எண் சிறியதாகத் தோன்றும். ஆனால் அத்துணை உயர்ந்த அழுத்தத்தில் அம்மின்னோட்டத்தைத் தடங்கலின்றித் தருவது எளிதன்று. தாழ்ந்த சுரங்களில் நன்கு ஒலித்த பெருக்கி, தாளமும் நாகசுரமும் கூடிய உச்சத்தில் கரகரத்தால் மின்னோட்டக் குறைவு இருக்கக்கூடும். வைட்ஹவுஸ் அழுத்தத்தை மட்டும் கண்டார். நிரம்பும் விரைவைக் காணவில்லை. விற்பனைத் தாளில் வோல்ட்டை மட்டும் பார்ப்பவரும் அவ்வாறே தவறுவர்.

மூன்றாவது, பெருக்க அளவு. இவ்வகைப் பெருக்கிகள் சில உள்வரும் அலையை ஆயிரம் மடங்காக்குகின்றன. பத்தில் ஒரு வோல்ட் 100 வோல்ட் ஆகும். ஆனால் இன்றைய ஒலித்தட்டுக் கருவிகள் 2 வோல்ட் வரை தருவன. 200 மடங்கு பெருக்கினாலே 400 வோல்ட் வந்துவிடும். பெருக்கம் மிகுதியானால் ஒலிக்குமிழைச் சற்றே திருப்பியதும் ஓசை எல்லை மீறும். இரைச்சலும் சேர்ந்து பெருகும். குமிழை முழுதும் திருப்ப முடியவில்லை என்பது பெருக்கியின் வலிமைக்கு அடையாளமன்று.

பெருக்கிகளுள் மூவகை உண்டு. முதல் வகை மின்மாற்றிப் பெட்டி. வீட்டில் முன்பே உள்ள ஒலிபெருக்கிப் பெருக்கியின் வெளிமுனையில் அதனை இணைத்தால் அழுத்தம் உயர்ந்து காதொலிக் கருவியைச் சேரும். செலவு குறைவு, ஆயினும் மின்மாற்றி நல்லதாய் இல்லாவிடின் இரு எல்லைகளிலும் ஒலி குன்றும். இரண்டாவது டிரான்சிஸ்டர் பெருக்கி. மூன்றாவது வால்வுப் பெருக்கி. இவ்விரண்டுள் எது சிறந்தது என்று வாதிடுவோர் பலர். உண்மையில் அமைப்பின் செம்மையே ஒலியைத் தீர்மானிக்கிறது. நன்கு அமைந்த டிரான்சிஸ்டர் பெருக்கி, சிக்கனமாக அமைந்த வால்வுப் பெருக்கியை வெல்லும், மறுதலையாகவும் நிகழும்.

பழைய பெருக்கியைத் திருத்துவதற்கும் இங்கே இடமுண்டு. வால்வுப் பெருக்கிகள் சிலவற்றில் இறுதி வால்வுக்கு மின்சாரம் ஒரு மின்தடை வழியாகச் செல்கிறது. வால்வு தரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கை அத்தடையே விழுங்கிவிடுகிறது. மின்தேக்கியை நிரப்பச் சிறுபங்கே எஞ்சுகிறது. அத்தடைகளுக்குப் பதிலாக மாறா மின்னோட்டம் தரும் சுற்றொன்றை அமைத்தால், வால்வின் ஆற்றல் முழுவதும் காதொலிக் கருவிக்குக் கிட்டும். புதிய பெருக்கியின் விலையில் சிறுபகுதியிலே முடியும் இத்திருத்தம், பழைய பெருக்கிக்கு மறுவாழ்வு அளிக்கவல்லது. ஆனால் இதனைத் தேர்ந்த தொழில்நுட்பரே செய்தல் வேண்டும். பெருக்கியினுள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் உயரழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதன் மின்தேக்கிகள் நெடுநேரம் மின்னூட்டத்தை வைத்திருக்கும். மூடியைத் திறந்து கைவைப்போரின் உயிருக்கே அது தீங்கு செய்யும்.

மின்னூட்ட அழுத்தமும் பொருந்துதல் வேண்டும். 580 வோல்ட்டுக்குரிய கருவியைப் பழைய 230 வோல்ட் வாயிலில் செருகினால் ஒலி மெலியும், கெடுதி இல்லை. 230 வோல்ட் கருவியின் ஆறுமுனைச் செருகி ஐந்துமுனைப் 'புரோ' வாயிலில் நுழையாது. தவறு நேராதிருக்கவே அவ்வாறு அமைத்தனர். வேறு செருகி பூட்டி அதனை வலிந்து இணைப்போர் தகட்டுக்கும் படலத்துக்கும் இடையே பொறி தெறிக்க இடமளிப்பர். காப்புத் தாங்கும் அளவு கடந்ததால் கடலடியில் ஒரு வடம் மாண்ட கதையை அவர்கள் நினைவிற்கொள்வது நன்று.

மன்னார்க் கரையில் வாழ்வோர் கருத வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்த பெருக்கிகள் 100 வோல்ட் மின்சாரத்துக்குரியவை. இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய பெருக்கியை வெளிநாட்டிலிருந்து தருவித்தவர் அதன் பின்புறத்தில் எழுதப்பட்ட அளவைப் பாராமல் செருகினால், இசை தொடங்குமுன்பே பெருக்கி எரிந்துபோகும். தக்க மின்மாற்றியை இடையிலே வைத்தால் இவ்விபத்தைத் தவிர்க்கலாம்.

இரண்டாவது, கடற்காற்று. உப்பும் ஈரமும் மணற்றூசும் கலந்த காற்று வீசும் தீவு மன்னார். நிலைமின் கருவியில் தகட்டுக்கும் படலத்துக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீற்றர் அளவே. அவ்விடத்தில் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசியும். தூசு புகுந்தால் சடசடவென்ற ஓசை எழும். கேட்டு முடிந்ததும் கருவியைத் தூசு புகாத பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதியுடன் வைத்தல் நலம். ஒரு பக்கம் மட்டும் ஒலி மெலிந்தால் உடனே பெருக்கியைக் குறைகூறுதல் கூடாது. அதே பெருக்கியில் வேறொரு காதொலிக் கருவியைப் பொருத்திப் பார்த்தால் குறை எங்குள்ளதென்பது தெரிந்துவிடும். குறை பெருக்கியினதாயின் புதிய கருவியிலும் அதே பக்கமே மெலியும். இல்லையேல் குறை காதொலிக் கருவியினது.

ஆதலின் திருத்தத்துக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் காதுமெத்தைகள். அவை இறுகித் தேய்ந்து காது ஓரத்தில் இடைவெளி விட்டால் தாழ்ந்த சுரங்கள் வெளியேறிவிடும். எந்தப் பெருக்கியும் அவற்றை மீட்டுத் தராது. அடுத்து ஒலிப்பதிவின் தரம். தேய்ந்த பதிவில் இல்லாத இசையை எவராலும் பெருக்க இயலாது. அதன்பின் காதொலிக் கருவி, இறுதியாகப் பெருக்கி. இவ்வரிசையைத் தலைகீழாக்குவோர் மிகுந்த பொருள் செலவிட்டுச் சிறு பயனே பெறுவர். பெருக்கி சூடாவதைக் கண்டு அஞ்சுவதும் வேண்டா. உருவம் மாறாமல் ஒலிக்கவேண்டி இசை இல்லாத நேரத்திலும் அதனுள் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். சூடு அதனால் வருவது. ஆனால் காற்றோட்டமற்ற அலுமாரியில் அதனை அடைத்து வைத்தல் தகாது.

2015-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.ஈ.-1 என்னும் மிக விலையுயர்ந்த நிலைமின் கருவியை அறிவித்தது. அதில் பெருக்கியின் இறுதிப் பகுதி காதுக்கிண்ணத்தின் உள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. பெருக்கிக்கும் காதுக்கும் இடையிலுள்ள கம்பியும் ஒரு மின்தேக்கியே. அதனை நிரப்பவும் மின்னோட்டம் செலவாகும். பெருக்கி காதருகே வந்துவிட்டால் அச்செலவு இல்லை. கடலடி வடத்தின் கொள்ளளவை எண்ணித் தொம்சனும் வார்லியும் தலையைப் பிசைந்த அதே சிக்கலுக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் காதொலிக் கருவியின் கம்பியிலும் விடை தேடவேண்டியிருந்தது.

மன்னார்க் கரை இதற்கிடையே பல மாறுதல்களைக் கண்டது. 1914-இல் தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இரயிற் பயணிகளுக்கான கப்பற் சேவை தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. போர்க்காலத்தில் 1990-இல் அறுந்த தலைமன்னார் இரயிற் பாதை 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2006-இல் இரு நாடுகளையும் இணைக்க இடப்பட்ட ஒளியிழை வடம் தூத்துக்குடியிலிருந்து கல்கிசைக்குச் சென்றது, மன்னாரைத் தொடவில்லை. அதில் பாய்ந்தது ஒளியாதலின் லெய்டன் சாடியின் தொல்லையும் அதற்கிருக்கவில்லை. ஆயினும் அவ்வொளி இசையாகிச் செவியை அடையும் கடைசி அரை மில்லிமீற்றரில், நிலைமின் கருவியை அணிந்தவருக்கு அந்தச் சாடி இன்னும் உண்டு. அதற்கு வேண்டிய அழுத்தத்தை அளந்து, வேண்டிய மின்னோட்டத்தைத் தந்து, தாங்கும் எல்லையை மீறாத பெருக்கி எதுவோ அதுவே நல்ல பெருக்கி. அது விலையிற் சிறியதாயினும் குறைவில்லை.